வயசுக்கோளாறும் அரிவாளும்: 'டீன் ஏஜ் மூளை' என்றொரு சொல்லாடல்

1

தமிழில் பெண் 'வயசுக்கு வருகிறாள்'. பையனுக்கு 'வயசுக்கோளாறு' வருகிறது. வயசு ஒன்றுதான். ஆனால் ஒருத்திக்கு அது உடம்பில் நடக்கிற சம்பவம். ஊரைக் கூட்டி, குச்சு கட்டி, தண்ணீர் ஊற்றி, அன்றிலிருந்து அவளைக் காவலுக்குள் கொண்டுவருகிற நாள். இன்னொருத்தனுக்கு அது புத்தியில் நேர்கிற பிசகு. கொஞ்ச நாளில் தானாகத் தெளிந்துவிடும், அதுவரை பெரியவர்கள் பொறுத்துப்போக வேண்டும். யோசிக்காமல் புழங்குகிற இந்த இரண்டு சொற்களுக்குள் வளரிளம் பருவம் பற்றிய ஒரு முழுக் கோட்பாடே அடங்கியிருக்கிறது. பெண்ணுக்குக் காவல், ஆணுக்கு மன்னிப்பு. எல்லா ஆணுக்குமா என்பது வேறு கேள்வி. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

'விடலை' என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளலாம். அகப்பாடல்களில் விடலை, காளை, மீளி என்பன பாலைத் தலைவனுக்குரிய பெயர்கள். வீட்டாருக்குத் தெரியாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சுரம் கடக்கிறவன் அவன். செவிலி அழுவாள், தேடிப் போவாள், எதிரே வருகிறவர்களிடம் விசாரிப்பாள். எதிர்ப்பட்டவர்களோ அவளுக்கு ஆறுதல் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். பாட்டு அவனைக் குற்றவாளியாக்குவதில்லை. சங்க காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவது என் நோக்கமல்ல. இலக்கணமாக்கப்பட்ட பாட்டும் ஊரில் நடந்ததும் ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று 'விடலைப் பசங்க' என்றால் பஸ் ஸ்டாண்டில் நின்று வம்பு பண்ணுகிறவர்கள். சுரம் கடந்தவனின் பெயர் தெருமுனையில் நிற்பவனின் வசவாகியிருக்கிறது. சொல் தேய்ந்த கதையில் பருவம் பற்றிய நம் பார்வை சுருங்கிய கதையும் சேர்ந்தே இருக்கிறது.

இப்போது இந்த வயசுக்கோளாறுக்கு ஒரு விஞ்ஞானப் பெயர் கிடைத்திருக்கிறது: 'டீன் ஏஜ் மூளை'. ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளில், பெற்றோர் கூட்டங்களில் வண்ணப்படம் போட்டுக் காட்டுகிறார்கள். "நெற்றிக்குப் பின்னாடி இருக்கிற பகுதி இருபத்தஞ்சு வயசு வரைக்கும் முழுசா வளர்றதில்லைங்க. ஆக்சிலேட்டர் இருக்கு, பிரேக் இல்ல." கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். அட, பாட்டி சொன்னதுதானே, இளங்கன்று பயமறியாது. விஞ்ஞானமும் பழமொழியும் கைகுலுக்கிக்கொண்டால் நமக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. மூளை ஆய்வு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வு சொல்வது ஒன்று. அதைக் கொண்டு நாம் கட்டுகிற கதை வேறொன்று.

2

வளரிளம் பருவத்தைத் தனியொரு ஆய்வுப்பொருளாக நிலைநாட்டியவர் என்று அமெரிக்க உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹாலைச் சொல்வார்கள். 1904இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வந்த அவருடைய நூல் இந்தப் பருவத்தைப் புயலும் கொந்தளிப்புமான காலம் என்றது. அதே நூலில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் உண்டு. காலனி நாட்டு மக்களையும் பழங்குடிகளையும் அது 'வளரிளம் இனங்கள்' என்று வகைப்படுத்துகிறது. தனிமனிதனின் வளர்ச்சி மனித இனத்தின் வரலாற்றைத் திரும்ப நடித்துக் காட்டுகிறது என்பது ஹாலின் நம்பிக்கை. ஆக, வெள்ளைக்காரப் பையன் சில வருஷம் காட்டுமிராண்டியாக இருந்துவிட்டுக் கனவானாகிவிடுவான். நாமெல்லாம் நடுவழியில் நின்றுபோனவர்கள், மேய்க்கப்பட வேண்டியவர்கள். 'முதிராமை' என்ற கருத்தாக்கம் ஆளுகிறவன் வீட்டுத் தொட்டிலில் பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1928இல் மார்கரெட் மீட் சமோவாத் தீவுப் பெண்களைப் பற்றி எழுதி, இந்தக் கொந்தளிப்பு இயற்கையல்ல, பண்பாடு தருவது என்று வாதிட்டார். 1983இல் டெரிக் ஃப்ரீமன் அவரைக் கடுமையாக மறுத்தார். இயற்கையா பண்பாடா என்று சண்டை நீண்டது.

சண்டையின் களத்தை மாற்றியது எம்.ஆர்.ஐ. கருவி. நான்கு வயதிலிருந்து இருபத்தொரு வயது வரையிலான 145 பேரின் மூளைப் படங்களை, பலருக்குச் சில ஆண்டுகள் இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுத்து, ஜே கீட் குழுவினர் 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூளையின் முன்பகுதியில் உள்ள சாம்பல்நிறப் பொருள் பதினொன்று, பன்னிரண்டு வயதுவாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைகிறது. குறைவது நோயல்ல. தேயிலைத் தோட்டத்துக் கவாத்து மாதிரி என்று விளக்குகிறார்கள். புழங்குகிற நரம்பிணைப்புகள் தங்குகின்றன, புழங்காதவை கழிகின்றன. தங்கிய நரம்புகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை ஏறி, செய்தி வேகமாக ஓடுகிறது. திட்டமிடவும், அடக்கிக்கொள்ளவும், பின்விளைவை எண்ணிப் பார்க்கவும் துணைநிற்கிற முன்னெற்றிப் பகுதியில் இந்த வேலை இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. இன்பத்தையும் வெகுமதியையும் நாடுகிற ஆழ்பகுதிகளோ பருவமடையும் சமயத்திலேயே துடிப்பாகிவிடுகின்றன. இந்த இடைவெளிதான் மேடையில் பிரேக் இல்லாத வண்டியாகிறது.

உவமையைக் கவனிக்க வேண்டும். வண்டி என்று சொல்லிவிட்டால் பழுது வண்டிக்குள்தான் இருக்கும். ரோட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. கவாத்து என்று சொன்னால் கேள்வியே மாறிவிடுகிறது. கத்தி யார் கையில்? எதைப் புழங்கவிட்டோம், எதைக் கழியவிட்டோம்? இரண்டும் ஒரே ஆய்வுலகிலிருந்து வருகிற உவமைகள்தான். ஒன்று பையனைக் குற்றம் சொல்கிறது, மற்றது நம்மைக் கேட்கிறது. மேடைகளில் எது பிரபலமானது என்று சொல்லத் தேவையில்லை.

இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சொல்லியாக வேண்டும். 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரை மூன்று வயதுப் பிரிவாக்கிக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடவைத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பது சோதனை. தனியாக ஆடும்போது பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. கூட்டாளிகள் பக்கத்தில் நின்றபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பெரியவர்களிடம் மாற்றமில்லை. ஆக, 'தனியான டீன் ஏஜ் மூளை' என்று ஒன்றைப் பேசுவதே அரைகுறைப் பேச்சு. அந்த வயசின் மூளை எப்போதும் கூட்டத்துக்குள் இருக்கிற மூளை. அடுத்தது, இந்தியா உட்பட 11 நாடுகளில் பத்து முதல் முப்பது வயது வரையிலான 5,000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2018இல் வெளியானது. புதுப் பரபரப்பைத் தேடுகிற உந்துதல் பத்தொன்பது வயதுவாக்கில் உச்சமடைவது பொதுவான போக்காகத் தெரிந்தது. ஆனால் அந்த உந்துதல் நிஜ வாழ்க்கையில் என்ன காரியமாக மாறுகிறது என்பது நாட்டுக்கு நாடு வெகுவாக வேறுபட்டது. உந்துதலை உடம்பு தருகிறது. அதற்கு உருவத்தை ஊர் தருகிறது.

நம்மைக் கேள்வி கேட்கிற ஆய்வுகளை நாம் எப்படிக் காதில் வாங்காமல் விடுகிறோம் என்பதற்குத் தூக்கம் ஓர் உதாரணம். பருவமடையும் காலத்தில் உடம்பின் கடிகாரம் பின்தள்ளிப் போகிறது. இரவில் தூக்கம் தாமதமாக வருகிறது, காலையில் விழிப்பும் தாமதமாகிறது. இதை வைத்து 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், இவர்களுக்கான பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2022இல் அது சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. இங்கே பிளஸ் டூ மார்க்குக்காக விடியுமுன் எழுப்பிப் படிக்க உட்காரவைக்கிற விடுதிப் பள்ளிகளை நாம் அறிவோம். 'பையன் எப்பப் பாத்தாலும் எரிஞ்சு எரிஞ்சு விழறான், எல்லாம் வயசுக்கோளாறு' என்று அதே பெற்றோர்கள் சொல்லவும் கேட்டிருக்கிறோம்.

3

முதிராத மூளை என்ற வாதம் நீதிமன்றத்துக்குள் நுழைந்த கதை சுவாரசியமானது. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'ரோப்பர் எதிர் சிம்மன்ஸ்' வழக்கில், பதினெட்டு வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்க உளவியல் சங்கம் அந்த வழக்கில் மனுச் செய்து, பதின்வயதினரின் முடிவெடுக்கும் ஆற்றல் முதிரவில்லை என்று வாதாடியிருந்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்கலியா ஒரு குத்தலான கேள்வி கேட்டார். இதே சங்கம் 1990இல் தீர்ப்பான மினசோட்டா கருக்கலைப்பு வழக்கில், பெற்றோரைக் கேட்காமலே முடிவெடுக்கும் அளவுக்குப் பெண்பிள்ளைகள் முதிர்ந்தவர்கள் என்று சொன்னதே, அது எப்படி?

கேட்டவர் தண்டனைப் பக்கம் நின்றவர் என்பதற்காகக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஸ்டைன்பெர்க்கும் நண்பர்களும் 2009இல் இதற்குப் பதில் எழுதினார்கள். சிந்தனையில் குளிர்ந்த சிந்தனை, கொதிநிலைச் சிந்தனை என்று இரண்டு உண்டு. அவகாசம் இருந்து, பெரியவர் ஒருவரைக் கலந்து பேச வழியிருந்து, நிதானமாக எடுக்கும் முடிவுகளில் பதினாறு வயதுக்காரர்கள் பெரியவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமானவர்கள். ஆத்திரமும் கூட்டாளிகளும் சூழ்ந்த நிலையில்தான் அவர்கள் பின்தங்குகிறார்கள். ஆகவே இரண்டு மனுவும் சரி என்பது அவர்கள் வாதம்.

இந்தப் பதில் எனக்கு ஏற்புடையதே. நமக்கு இதனால் கிடைப்பது என்னவென்றால், 'முதிராத மூளை' என்ற ஒற்றைப் பொருள் கிடையாது. எந்தச் சூழலில், யார் சூழ, எந்தக் காரியத்துக்கு என்று கேட்காமல் முதிர்ச்சியைப் பேச முடியாது. கேட்காமல் பேசுகிறவர்கள் விஞ்ஞானம் பேசவில்லை, அதிகாரம் பேசுகிறார்கள்.

4

அதிகாரம் எப்படிப் பேசும் என்பதற்கு நம்மிடமே 1920ஆம் வருஷம் இருக்கிறது. இந்தியாவிலேயே முதலாவதாக மதராஸ் குழந்தைகள் சட்டம் அந்த வருஷத்தில்தான் இயற்றப்பட்டது. குற்றம் செய்த சிறுவனைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்காதே, அவன் திருந்தக்கூடியவன் என்பது அதன் உட்கிடை. அதே 1920 ஏப்ரலில் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. அந்தச் சட்டமோ ஒரு சாதியில் பிறந்தவனைப் பிறப்பிலேயே குற்றவாளி என்றது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் அது அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. ஒரே மாகாணம், ஒரே வருஷம். ஒரு சட்டத்தின்படி குழந்தை குற்றவாளியாக முடியாது. இன்னொரு சட்டத்தின்படி குழந்தை குற்றவாளியாகத்தான் பிறக்கிறது. குழந்தைமை வயதால் வருவதில்லை, வழங்கப்படுவது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

1986ஆம் ஆண்டின் சட்டம் ஆண்பிள்ளைகளுக்குப் பதினாறு, பெண்பிள்ளைகளுக்குப் பதினெட்டு என்று எல்லை போட்டது. 2000ஆம் ஆண்டின் சட்டம் இருவருக்கும் பதினெட்டு என்றது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடூரத்தில் குற்றவாளிகளில் ஒருவன் பதினெட்டுக்குச் சில மாதம் குறைவானவன். அந்த ஒருவனை முன்வைத்து எழுந்த கோபத்தில் 2015இல் சட்டம் மாற்றப்பட்டது. கொடிய குற்றமென்றால் பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்காரரின் மன, உடல் திறனையும், பின்விளைவை உணரும் ஆற்றலையும் இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட்டு, பெரியவராக விசாரிக்க அனுப்பலாம். மூளை ஆய்வின் சொல்வழக்கு சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் கதவைத் திறப்பதற்காக அல்ல, சாத்துவதற்காக.

பெண்பிள்ளை விஷயத்தில் இதே சொல்வழக்கு வேறு வேலை செய்கிறது. 2012இன் போக்சோ சட்டம் பதினெட்டுக்குக் கீழ் எந்தச் சம்மதத்தையும் சம்மதமாக ஏற்பதில்லை. பிள்ளைகளைச் சிதைக்கிறவர்களுக்கு எதிராக அப்படியொரு சட்டம் தேவை, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பதினேழு வயசுப் பெண் சாதி விட்டுச் சாதி ஒருவனை விரும்பிப் போய்விட்டால் வீட்டார் கையிலெடுப்பதும் இதே சட்டத்தைத்தான். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட வழக்கொன்றை ரத்து செய்தபோது, காதலில் விழுந்த பதின்வயதினரைக் குற்றவாளியாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்றார். அவர்களுடைய முடிவெடுக்கும் ஆற்றல் இன்னும் முழுமையடையவில்லை, பெற்றோரும் சமூகமும் துணைநிற்க வேண்டும் என்றும் எழுதினார். முதிராமையை அரவணைப்புக்குக் காரணமாக்கிய அபூர்வத் தீர்ப்பு அது. வீட்டில் நடப்பதோ வேறு. அவள் தானாக ஒருவனைத் தேர்ந்தால் 'சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்'. அவளையே தாய்மாமனுக்குக் கட்டிவைக்க முடிவெடுத்துவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக மூளை முற்றிவிடுகிறது.

5

நம் இலக்கியமும் சினிமாவும் இந்தப் பருவத்தை எப்படிக் கையாண்டன? பெரும்பாலும் நினைவேக்கமாக. நாற்பது வயசு ஆண் ஒருவன் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். 'அழியாத கோலங்கள்' (1979) முதல் 'ஆட்டோகிராப்' (2004) வரை இந்த மரபுதான். அழகான படங்கள் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பேசுவது பதினைந்து வயசு அல்ல, பதினைந்து வயசை இழந்துவிட்ட நாற்பது. அப்படிப் பெருமூச்சு விடுவதற்கும் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு கோடை விடுமுறையும் இருந்திருக்க வேண்டும். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற பையன்களைப் பற்றியது. பண்ணையக்காரரின் மகனுக்கும் இவர்களுக்கும் வயசு ஒன்றுதான். ஆனால் வயசு அவனுக்குப் பருவம், இவர்களுக்குக் கூலிக் கணக்கு. இவர்களில் ஒருவன் ஒரு ஆட்டைத் தொலைத்துவிட்டால் யாரும் வயசுக்கோளாறு என்று விட்டுவிடப் போவதில்லை.

இந்த இடத்தில் பூமணியின் 'வெக்கை'யைத் (1982) திரும்ப வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சிதம்பரத்துக்குப் பதினைந்து வயசு. அண்ணனைக் கொல்லவைத்த நிலக்காரன் வடக்கூரானின் கையை மட்டும் வெட்டுவதாக எண்ணிப் போனவன், கொன்றுவிடுகிறான். அப்புறம் நாவல் முழுக்க அவனும் அய்யாவும் காட்டிலும் மேட்டிலும் கண்மாய்க் கரையிலும் ஒளிந்து திரிகிறார்கள். சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை.

மூளை ஆய்வாளர் ஒருவர் இந்தப் பிரதியை வாசித்தால் மகிழ்ந்துபோவார். கையை வெட்டப் போனவன் உயிரை எடுத்துவிட்டான், பார்த்தீர்களா, கொதிநிலைச் சிந்தனை! சரிதான். ஆனால் நாவல் அப்படி ஒரு விளக்கத்துக்குள் அடங்குவதில்லை. பூமணி அந்தப் பையனைத் தனி மூளையாக வைத்துப் பார்ப்பதே இல்லை. அய்யா, ஆத்தா, மாமா, பறிக்கப் பார்த்த நிலம், செத்த அண்ணன் என்று ஒரு முழு உறவுவலைக்குள் வைக்கிறார். பெரியவர்கள் யாரும் 'வயசு அப்படி' என்று அவனுக்காகச் சப்பைக்கட்டு கட்டுவதில்லை. 'சண்டாளா, குடும்பத்தைக் கெடுத்தியே' என்று தள்ளிவிடுவதும் இல்லை. செய்த காரியத்தின் பாரத்தைச் சேர்ந்து சுமக்கிறார்கள். அய்யா அவனுக்குக் காட்டில் பிழைத்திருக்கக் கற்றுக்கொடுத்தபடி, சட்டத்தின் முன் போய் நிற்கவும் தயார்ப்படுத்துகிறார். கொலையை நாவல் கொண்டாடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பையனின் பயமும் பசியும் வீட்டு ஞாபகமும்தான் பக்கங்களை நிறைக்கின்றன. முதிராத ஒருவனைச் சுற்றி முதிர்ந்தவர்கள் எப்படி நிற்க வேண்டும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல பிரதி எனக்குத் தெரியவில்லை.

2019இல் இது 'அசுரன்' படமானபோது மையம் பையனிடமிருந்து அப்பனுக்கு நகர்ந்தது. அப்பனுக்கு ஒரு பழங்கதை வந்தது, ஆவேசம் வந்தது, முடிவில் படிப்பின் அருமை பற்றி மகனுக்கு ஒரு புத்திமதியும் வந்தது. படம் பஞ்சமி நிலத்தைப் பேசியது முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் நாவலில் காரியத்தின் கர்த்தாவாக இருந்த பதினைந்து வயசு, படத்தில் அப்பனால் அடக்கிக் காப்பாற்றப்பட வேண்டிய முரட்டுத்தனமாகிவிட்டது. பிரேக் இல்லாத வண்டி என்கிற கதையாடலின் கைங்கரியம் இங்கேயும் உண்டு.

6

இனி நாங்குநேரிக்கு வருவோம். சுற்றி வளைத்து வந்ததே இதற்காகத்தான்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் தலித் மாணவனைச் சக மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் தொடர்ந்து சீண்டப்பட்டு, பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்ட பையன் அவன். காரணம் வெளியே வந்து, புகார் ஆனதற்குப் பழிவாங்கத்தான் வந்தார்கள். வெட்டியவர்கள் பதினெட்டு நிரம்பாதவர்கள்.

அப்போது நம் வட்டாரங்களில் இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று, பெரியவர்களாக விசாரித்து உள்ளே தள்ளு என்பது. மற்றது கொஞ்சம் முற்போக்கானது, சின்னப் பசங்க, அந்த வயசு மூளை அப்படி, கவுன்சலிங் கொடுக்கணும் என்பது. இரண்டாவதைச் சொன்னவர்களில் நண்பர்களும் உண்டு. அவர்களிடம்தான் எனக்குப் பேச்சு.

சிதம்பரத்தின் கையிலும் அரிவாள், இவர்கள் கையிலும் அரிவாள். வயசு ஏறக்குறைய ஒன்றுதான். கவாத்து, மயலின், முன்னெற்றி எல்லாம் ஒன்றுதான். 'டீன் ஏஜ் மூளை' என்ற விளக்கத்தால் இந்த இரண்டு அரிவாள்களையும் வேறுபடுத்தவே முடியாது. ஒன்று, அண்ணனைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து அதிகாரத்தை நோக்கிப் போனது. மற்றது, அதிகாரம் தன் இடத்தை நினைவூட்டுவதற்காகப் படிக்கிற பையனின் வீட்டுக்குள் வந்தது. இரண்டையுமே சட்டம் குற்றம் என்கிறது, சொல்லட்டும். ஆனால் விமர்சனம் அந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் அதற்கு வேலையே இல்லை. வேறுபாடு மூளைக்குள் இல்லை. ஆகவே மூளையை மட்டும் பேசினால் சாதி காணாமல் போகிறது. வயசுக்கோளாறு என்ற சொல் சாதிக்கு நாம் போடுகிற முகமூடியாகிவிடுகிறது.

தவிர, விஞ்ஞானமே இவர்கள் பக்கம் முழுசாக நிற்கவில்லை. பள்ளி மைதானத்தில் கைகலப்பு என்றால் கொதிநிலை என்று சொல்லலாம். ஆயுதம் தேடி, ராத்திரியாகக் காத்திருந்து, வீடு தேடிப் போவதில் குளிர்ந்த சிந்தனையும் கலந்திருக்கிறது. கூட்டாளிகள் கூட நின்றால் துணிச்சல் இரட்டிக்கிறது என்பது இங்கே பொருந்தும். ஆனால் அந்தக் கூட்டாளிகளை ஒன்று சேர்த்தது எது? வயசா? மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிறு. இன்ன நிறம் இன்ன சாதி. அந்த வயசில் ஒரு கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவது எவ்வளவு பெரிய பசி என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கணினியில் பந்து எறியும் ஒரு சாதாரண விளையாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டதற்கே, பெரியவர்களைவிட வளரிளம் பெண்களின் மனநிலை அதிகம் சரிந்ததாகச் சாரா ஜெய்ன் பிளேக்மோர் பங்கேற்ற 2010ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. அந்தப் பசிக்கு நம் ஊர் போடுகிற சோறு சாதிக் கயிறு.

அதே ஆய்வை மறுபக்கமிருந்தும் வாசிக்க வேண்டும். டீன் ஏஜ் மூளை என்றதும் நமக்கு வெட்டியவர்களின் மூளைதான் ஞாபகம் வருகிறது. வெட்டுப்பட்டவனுக்கும் அதே வயசுதானே? தினமும் சீண்டப்பட்டு, ஒதுக்கப்பட்டு, பள்ளிக்கூடத்துக்கே போகாமல் நின்ற அந்த நாட்களில் அவனுக்குள்ளும்தானே கவாத்து நடந்துகொண்டிருந்தது? அதைப் பற்றி எந்த வகுப்பில் வண்ணப்படம் போட்டுக் காட்டினார்கள்? அவன் படுக்கையிலிருந்து எழுந்து, பரீட்சை எழுதி, 2024இல் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியபோது நாம் எல்லோரும் பாராட்டினோம். பாராட்டிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. அவனிடம் மட்டும் நாம் பெரியவனுக்குரிய பொறுமையை எதிர்பார்க்கிறோம். முதிராமை என்ற சலுகையைத் தலித் பையனுக்கு நாம் கொடுத்ததே இல்லை.

நாங்குநேரியைத் தொடர்ந்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற அடையாளங்களுக்குத் தடை, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்குதல், ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக வைக்காதிருத்தல் என்று அதில் பரிந்துரைகள் இருந்தன. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. அந்த அறிக்கை மூளையைப் பற்றியதல்ல. ஆனாலும் மூளை ஆய்வின் உண்மையான பாடத்தை மேடைப் பேச்சாளர்களைவிட அதுதான் நன்றாகப் புரிந்துகொண்டது என்று சொல்வேன். வண்டியைத் திட்டாமல் ரோட்டைப் பார்த்தது.

7

நான் சொல்ல வந்ததைச் சுருக்கிக்கொள்கிறேன். பதினேழு வயசுப் பையனைப் பெரியவர்களின் சிறையில் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. 1920இலிருந்து நாம் கற்றது அதுதான். அந்தக் கதவு திறந்தால் முதலில் உள்ளே போகிறவன் ஏழை வீட்டுப் பையன், தலித் பையன், முஸ்லிம் பையன். வெட்டியவன் தன் காரியத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும், சிறாருக்கான சட்டத்தின் வழியே. அதே சமயம் மூளையைக் காட்டி அவனை விடுவிப்பதையும் நான் ஏற்கவில்லை. ஏனென்றால் அப்படி விடுவிக்கும்போது உண்மையில் விடுதலையாகிறவன் அவனல்ல. பள்ளிக்கூடம் தெரிந்தும் கண்டுகொள்ளாதவர்கள், வீட்டில் சாதிப் பெருமை சொல்லிச் சோறு ஊட்டியவர்கள், திருவிழாவில் கயிறு விநியோகித்தவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் விடுதலையாகிவிடுகிறார்கள்.

இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பள்ளியில் இப்படி நடந்தால், உண்மையறியும் குழு போகும்போது, பையன்களின் வயதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். கயிறு கட்டியது யார்? சீண்டல் நடப்பது யாருக்கெல்லாம் தெரியும்? புகார் கொடுத்த பிள்ளைக்கு அன்று இரவு யார் காவல் நின்றார்கள்? பதில்களில் வருகிற பெயர்களின் வயதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது இருக்கும், ஐம்பது இருக்கும். முன்னெற்றிப் பகுதி முழுசாக வளர்ந்து, மயலின் ஏறி, கவாத்தும் முடிந்துபோன மூளைகள் அவை. அவர்களுக்கு எந்தக் கோளாறும் கிடையாது.